கெபிக்குக் கல் சுமந்தவங்க

எங்க ஆயாவுக்கு இடது கால் பெருவிரலில் நகம் கிடையாது. விரலே நசுங்கித் தட்டையா இருக்கும். சின்ன வயசில் அவள் கால்மாட்டில் படுத்துக்கொண்டு அந்த விரலைத் தடவிப் பார்ப்பேன். "இது எப்பிடி ஆயா ஆச்சி?" என்று கேட்டால், "மாதாவுக்குக் குடுத்தது" என்பாள். அதுக்கு மேல் பேச மாட்டாள். விவரமெல்லாம் பின்னால் அம்மா சொல்லித்தான் தெரியும்.

1958-ல் எங்க ஊரில் லூர்து மாதா கெபி கட்டினார்கள். கிறிஸ்தவர் அல்லாத தோழர்களுக்காகச் சொல்கிறேன். கெபி என்றால் குகை. பிரான்ஸ் தேசத்து லூர்து ஊரில் ஒரு பாறைக் குகையில் மாதா காட்சி கொடுத்ததாக விசுவாசம். அதே மாதிரி கரடுமுரடான கல்லை அடுக்கிக் குகை கட்டி, மேல்மாடத்தில் நீல இடைக்கச்சை கட்டின மாதா சொரூபத்தை வைத்து, கீழே முழங்கால் போட்ட ஒரு சின்னப் பெண்ணை வைப்பார்கள். தமிழ்நாட்டில் மாதா கோயில் இருக்கிற ஊரில் பெரும்பாலும் ஒரு கெபி இருக்கும். 1858-ல் நடந்த காட்சிக்கு நூறாவது வருசம் என்று எங்க ஊரிலும் கட்டினார்கள்.

அப்போ பங்கில் இருந்தது ஒரு வெள்ளைக்காரச் சாமியார். அவர் கையில் ஒரு தபால் அட்டை. அந்த அட்டையில் இருந்த படத்தைப் பார்த்துத்தான் மொத்த வேலையும். ஊர்த்தெருக்காரர்கள் பணம் கொடுத்தார்கள். நாங்கள் உடம்பைக் கொடுத்தோம். எங்க தெரு ஆம்பளைகள் கரட்டில் ஏறி சம்மட்டியாலும் கடப்பாரையாலும் கல்லைப் பேர்த்துத் தள்ளினார்கள். பொம்பளைகள் சும்மாடு கூட்டி ஒன்றரை மைல் சுமந்தார்கள். அம்மாவுக்கு அப்போ 8 வயசு. பெரிய கல்லுக்கு நடுவில் சந்து அடைக்கிற பொடிக்கல்லைக் கூடையில் தூக்கிக்கொண்டு ஆயா பின்னாலேயே நடந்திருக்கிறாள். கூலி என்று காசு கிடையாது. "மாதாவுக்குச் செய்யறது, கூலி கேக்கலாமா?" என்று உபதேசியார் முன்னாடியே சொல்லிவிட்டார். சாயங்காலம் ஆளுக்கு இவ்வளவு என்று அமெரிக்காக் கோதுமையும் பால் பவுடரும் அளந்து கொடுத்தார்கள். அந்தக் கோதுமை மூட்டையில் ரெண்டு கை குலுக்கிக்கொண்டு இருக்கிற படம் போட்டிருக்கும். அந்தச் சாக்கைப் பிரித்துத்தான் எங்க வீட்டில் படுத்தோம். ரெண்டு கை குலுக்கும் படத்தின் மேலே நான் தூங்கி வளர்ந்திருக்கிறேன். எங்க கையை ஊர்த்தெருவில் ஒருத்தரும் தொட்டதில்லை.

ஒருநாள் கல் இறக்கும்போது நழுவி ஆயா காலில் விழுந்தது. வேப்பிலையை அரைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் போயிருக்கிறாள். போகாவிட்டால் கோதுமை இல்லை.

கெபி எழும்பியது. மந்திரிப்பு நடந்தது. அடுத்த மாதமே கெபியைச் சுற்றிக் கம்பிக் கிராதி வைத்தார்கள். ஆடு மாடு நுழையாமல் இருக்க என்றார்கள். கேட்டுக்குப் பூட்டு. சாவி ஊர்த்தெருவில். திருநாள் அன்றைக்கு ஊர்த்தெருப் பெண்கள் உள்ளே போய் மாதா காலடியில் பூ வைப்பார்கள். எங்க ஜனங்கள் கிராதிக்கு வெளியே நின்று மெழுகுதிரியைக் கம்பி இடுக்கில் நட்டுவிட்டு வருவோம். தேரும் அப்படித்தான். கெபி முக்கு வரைக்கும் வரும், அங்கேயே திரும்பிக்கொள்ளும். எங்க தெரு அந்த முக்கிலிருந்து கூப்பிடு தூரம்.

எனக்கு 9 வயசு இருக்கும். மே மாதம், மாதா வணக்க மாதம். கேட்டு திறந்து கிடந்தது. கையில் கனகாம்பரம் வைத்திருந்தேன். உள்ளே போய்விட்டேன். கெபிக் கல்லைத் தொட்டுப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது. வெயிலில் காய்ந்து சுட்டது. அதுக்குள்ளே என் சடையைப் பிடித்து ஒரு கை இழுத்தது. அந்த ஆள் என்னைச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத வேண்டியதில்லை, இந்த இதழ் வாசகர்களுக்கு அது என்ன வார்த்தை என்று தெரியும். அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். ஆயா என்னைத் திட்டவில்லை. யாரையும் திட்டவில்லை. தட்டை விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கிராதிக்குப் பக்கத்திலே ஒரு பளிங்குக் கல் பதித்திருக்கிறது. பணம் கொடுத்தவர்கள் பெயர், மந்திரித்த ஆயர் பெயர், வருசம். 2008-ல் பொன்விழா கொண்டாடி இரண்டாவது கல் வைத்தபோது எங்க பையன்கள் போய்க் கேட்டார்கள். "கல் சுமந்த காலனி மக்கள்" என்று ஒரே ஒரு வரி. பேர்கூட வேண்டாம், ஒரு வரி. கல்லில் இடமில்லை என்று பதில் வந்தது. அந்த வருசம் மார்ச் 9-ஆம் தேதிதான் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டதும், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ரெண்டு பேர் செத்ததும். எங்க பெரியவர்கள் பையன்களை அடக்கிவிட்டார்கள். இடமில்லை என்பதோடு அது நின்றுபோனது.

அதற்கு ரொம்ப முந்தி நடந்தது ஒன்று சொல்ல வேண்டும். 1991-ல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்தேன். அங்கே ஒரு வயசான சிஸ்டர், பிரெஞ்சு தெரிந்தவர். லூர்து கதையை முழுசாக அவரிடம்தான் கேட்டேன். எங்க ஊர்ப் பிரசங்கத்தில் ஊற்றுத் தண்ணீரும் நொண்டி நடந்ததும்தான் வரும். அந்தப் பெண் யார் என்பது வராது.

பெர்னதெத்துக்கு அப்போ 14 வயசு. அப்பா மாவு மில்லு நடத்தி நொடித்துப் போனவர். குடும்பமே பழைய ஜெயில் அறை ஒன்றில் கிடந்தது. கைதிகளை வைக்கவே லாயக்கில்லை என்று கைவிட்ட அறை. அதில் 6 பேர். முந்தின வருசம் மாவு திருடினான் என்று சந்தேகப்பட்டு அப்பாவைப் பிடித்து உள்ளே போட்டு, சாட்சி இல்லாமல் விட்டார்கள். ஏழை என்பதே போதுமான சாட்சியாக இருந்திருக்கிறது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிரெஞ்சு வராது, அந்தப் பக்கத்துக் கொச்சைதான் வரும். புது நன்மை வாங்காதவள். காட்சி நடந்த மசபியேல் குகை பன்றி ஒதுங்குகிற இடம். 1858 பிப்ரவரி 11-ஆம் தேதி அவள் அங்கே ஜெபம் பண்ணப் போகவில்லை, விறகு பொறுக்கப் போனாள்.

அந்த அம்மா மூன்றாவது தடவைதான் வாயைத் திறந்து பேசினார்களாம். பேசினது பெர்னதெத்தின் கொச்சையில். பதினைந்து நாள் இங்கே வர மனசு வைப்பீங்களா என்று கேட்டார்கள். "நீ" இல்லை, "நீங்க". பெர்னதெத்துக்கு அதுதான் ஆச்சரியம். ஜெயில் அறையில் கிடக்கிற விறகு பொறுக்கியை அந்த ஊரில் யார் "நீங்க" என்று சொல்லியிருப்பார்கள்? அந்த அம்மா தன்னை ஒரு மனுசர் இன்னொரு மனுசரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

சிஸ்டர் இதைச் சொல்லிவிட்டு அடுத்த விசயத்துக்குப் போய்விட்டார். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. எங்க ஊர்ப் பிரசங்கத்தில் மாதா "மகளே, நீ" என்றுதான் பேசுவாள். "நீங்க"வை எந்த வழியில் தொலைத்தார்கள்? இந்த உலகத்தில் உங்களைச் சந்தோசமாக வைப்பேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், மறு உலகத்தில்தான் என்றும் மாதா அதே நாளில் சொன்னார்களாம். அந்த வாக்கியம் மட்டும் தொலையவில்லை. எங்க தெருவைப் பார்த்துப் பிரசங்கம் வைக்கும்போதெல்லாம் தவறாமல் வந்தது.

லீவுக்குப் போனபோது ஆயாவிடம் சொன்னேன். வெற்றிலை இடித்துக்கொண்டு இருந்தாள். உலக்கை நின்றுவிட்டது.

"நீங்கன்னா கூப்புட்டா?"

"ஆமா ஆயா."

"அந்த வெறகு பொறுக்கியயா?"

"ஆமா."

"நெசந்தானா? புஸ்தகத்துல போட்டுக்கீதா?"

இன்னொன்றும் சொன்னேன். கூட்டம் சேருகிறது என்று ஜூன் மாதம் அதிகாரிகள் குகையைப் பலகை அடித்து அடைத்துவிட்டார்கள். ஜூலை 16, கடைசிக் காட்சி. பெர்னதெத்தால் கிட்டே போக முடியவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புல்வெளியில் முழங்கால் போட்டாள். பிறகு கேட்டபோது, பலகையும் தெரியவில்லை ஆறும் தெரியவில்லை, குகைக்குள்ளே இருக்கிற மாதிரியே இருந்தது என்றாள்.

ஆயா ரொம்ப நேரம் பேசவில்லை. வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "அப்ப அவ ஊர்த்தெரு மாதா இல்லடி. வெளிய நிக்கறவளப் பாக்க வந்தவ."

2001-ல் ஆயா செத்துப்போனாள். எங்க கல்லறைத் தோட்டத்தில் புதைத்தோம். "எங்க" என்று ஏன் சொல்கிறேன் என்று கேட்கிறவர்கள் ஒருமுறை எங்க ஊருக்கு வந்து பார்க்கலாம். கல்லறைத் தோட்டம் ரெண்டு இருக்கிறது.

இதெல்லாம் மனசில் கிடக்க, 2023 அக்டோபரில் அமெரிக்கா போகிற சந்தர்ப்பம் வந்தது. அக்கா மகள் அலபாமா மாநிலத்து பர்மிங்காமில் நர்ஸ். டிக்கெட் அவள்தான் எடுத்தாள். கோதுமை வந்த தேசத்தைப் பார்த்துவிட்டு வா என்று அம்மா அனுப்பினாள்.

போன ரெண்டாம் நாள் பதினாறாம் தெரு பாப்திஸ்து கோயிலுக்குப் போனோம். 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, வெள்ளை வெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நாலு கறுப்பினச் சிறுமிகள் செத்த கோயில். எதிர்ப் பூங்காவில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் ஒரு மாதிரி ஆகிவிட்டதைப் பார்த்து மகள் சொன்னாள்: "சித்தி, ஞாயித்துக்கெழம ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். கல்மன்னு ஒரு ஊரு, 50 மைல். ஒரு பிரதர் கையாலேயே கட்டுன கெபி. ஒனக்கு மனசு ஆறும்."

அவளோடு வேலை செய்கிற ஒரு கறுப்பின அம்மா, ஓய்வு பெறுகிற வயசு, அன்றைக்குச் சாப்பிட வந்திருந்தார். கல்மன் என்றதும் கரண்டியைக் கீழே வைத்தார். அழகான இடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், போய்வாருங்கள், பொழுது சாய்வதற்குள் வந்துவிடுங்கள் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவருடைய அப்பா வடக்கே போகிறபோது பர்மிங்காமிலேயே பெட்ரோலை நிரப்பிக்கொள்வாராம், கல்மனில் வண்டியை நிறுத்தக் கூடாது என்பதற்காக.

பிறகுதான் விளங்கியது. ஜெர்மனியிலிருந்து வந்தவர்களுக்காக 1873-ல் உண்டான ஊர் கல்மன். கறுப்பர் ஒருத்தரும் குடியிருக்க விடாத ஊர். பொழுது சாய்ந்தால் ஊர் எல்லைக்குள் கறுப்பர் நிற்கக் கூடாது என்று பலகை வைத்திருந்ததாகப் பேர் வாங்கின ஊர். அந்த நாட்டில் இப்படி ஒன்று ரெண்டு ஊர் இல்லை, ஏராளம். அந்தப் பலகையைத் தமிழில் எழுத வேண்டுமானால் "நீங்க" வராது. "டேய்" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். புனித பெர்னார்து மடம், ஆசீர்வாதப்பர் சபைச் சாமியார்கள் 1891-ல் ஆரம்பித்தது. மடத்துக்குக் கல் எடுத்த பழைய குவாரிப் பள்ளம்தான் இந்த இடம். பேர் ஆவே மரியா குரோட்டோ. நாம் கெபி என்பதை அவர்கள் குரோட்டோ என்கிறார்கள். சரிவில் பாதை இறங்குகிறது. ரெண்டு பக்கமும் முழங்கால் உயரத்திலும் இடுப்பு உயரத்திலும் கோயில்கள், கோபுரங்கள், கோட்டைகள். ரோமாபுரி ராயப்பர் கோயில், ஜெருசலேம், பைசா சாய்ந்த கோபுரம். மொத்தம் 125. நடுவில் பெரிய கெபி. 27 அடி உயரம், 27 அடி அகலம், 27 அடி ஆழம். உள்ளே கூரையிலிருந்து சிமெண்டு விழுதுகள் தொங்குகின்றன, அதில் சங்கும் கண்ணாடியும் மின்னுகின்றன. மாதா வெள்ளையாக நிற்கிறாள். இலை பழுத்து உதிர்கிற காலம். பறவைச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. பொய் சொல்லக் கூடாது, மனசு நிஜமாகவே ஆறியது. யாரும் எங்களைத் தடுக்கவில்லை. கிட்டே போய்க் கல்லில் கை வைத்தேன். 9 வயசில் தொட்டதுக்கு அப்புறம் கெபிக் கல்லைப் பயமில்லாமல் தொட்டது அன்றைக்குத்தான். சில்லென்று இருந்தது.

இதைக் கட்டினவர் பிரதர் ஜோசப் ஸோட்டில். 1878-ல் பவேரியாவின் லாண்ட்ஷூட் ஊரில் பிறந்தவர். 14 வயசில் கப்பலேறி இந்த மடத்துக்கு வந்தார். ஒரு விபத்தில் முதுகு வளைந்து கூன் விழுந்துவிட்டது. அந்தக் காலத்துத் திருச்சபைச் சட்டத்தில் உடம்பில் ஊனம் இருந்தால் குருப்பட்டத்துக்குத் தடை உண்டு. அவர் கடைசிவரை பிரதராகவே இருந்தார். வேலை? மடத்து மின்சாரக் கொட்டகையில் நிலக்கரி அள்ளிப் போடுவது. பல வருசம், நாள் முழுக்க. பூசை வைக்கிற சாமியார்கள் வெளிச்சத்தில் இருக்க வேண்டுமானால் யாரோ ஒருத்தர் கரி அள்ள வேண்டும். மடத்துக்குள்ளேயும் மேலே கீழே உண்டு.

கரி அள்ளின நேரம் போக மிச்ச நேரத்தில் சின்னச் சின்னக் கோயில் கட்ட ஆரம்பித்திருக்கிறார். அதில் பெரும்பாலானதை அவர் கண்ணால் பார்த்தது கிடையாது. தபால் அட்டைப் படத்தைப் பார்த்துக் கட்டினார். கல், சிமெண்டு, அதோடு கையில் கிடைத்ததெல்லாம். கோலிக்குண்டு, உடைந்த தட்டு, பாசிமணி, முகத்துக்குப் பூசுகிற கிரீம் புட்டி, பறவைக் கூண்டு. கக்கூஸ் தண்ணித்தொட்டிக்குள்ளே மிதக்குமே ஒரு பந்து, அதைக்கூட கோபுரத்துக்குக் கும்பமாக வைத்திருக்கிறார். அதைக் கேட்டதும் எனக்குச் சத்தமாகச் சிரிப்பு வந்துவிட்டது. தீட்டு என்று ஒன்றும் அந்த மனுசன் கைக்குத் தெரிந்திருக்கவில்லை. ஜனங்கள் பல ஊரிலிருந்து உடைசல்களை அனுப்பினார்களாம். 1934 மே மாதம் இந்த இடத்தை மந்திரித்துத் திறந்தார்கள். 1961-ல் செத்துப்போனார்.

அவர் பேர் எங்கே பார்த்தாலும் இருக்கிறது. பணம் கொடுத்தவன் பேர் எனக்கு ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. கரி அள்ளின கூனன் பேர்தான் நிற்கிறது. இது நான் எங்கேயும் பார்க்காதது.

ஒரு சின்னக் கோயில் முன்னால் மகள் கூப்பிட்டாள். "சித்தி, இத பாரு." லூர்து பெரிய கோயிலின் உரு. அவர் கடைசியாகச் செய்தது இதுதானாம். 80 வயசில். வருசம் 1958.

அப்படியே அந்தத் திட்டில் உட்கார்ந்துவிட்டேன். அதே வருசம். இங்கே ஒரு கூன் விழுந்த கிழவர் தபால் அட்டையை வைத்துக்கொண்டு லூர்தைக் கட்டுகிறார். அங்கே ஒரு தபால் அட்டைக்காக எங்க ஆயா கல் சுமக்கிறாள். அவள் விரல் நசுங்கினது இவர் சிமெண்டு குழைத்த அதே நாளாகக்கூட இருந்திருக்கலாம். ரெண்டு பேரும் லூர்தைப் பார்த்ததில்லை. அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. எங்க தெரு ஆளாகவே தெரிந்தார்.

ஆனால் அங்கே உட்கார்ந்து இன்னொன்றும் யோசித்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குத் திரிகால மணி அடிக்கும், கத்தோலிக்கர்கள் வேலையை நிறுத்திவிட்டு மாதா மங்கள வார்த்தை சொல்லுவோம். அக்டோபர் முடிந்து குளிர்காலம் வந்தால் அந்த மணிக்கு அங்கே இருட்டிவிடும். 1934-லோ 1958-லோ ஒரு கறுப்பின அம்மா அந்த மணி நேரத்தில் இந்தக் கெபி முன்னால் பயமில்லாமல் முழங்கால் போட்டிருக்க முடியுமா? கிராதி இங்கே கெபியைச் சுற்றி இல்லை. ஊரைச் சுற்றி இருந்தது. நான் அனுபவித்த அமைதியில் எவ்வளவு பங்கு மரமும் கல்லும் கொடுத்தது, எவ்வளவு பங்கு வர முடியாமல் போனவர்கள் கொடுத்தது என்று பிரிக்க முயன்று பார்த்தேன். பிரிக்க வரவில்லை.

திரும்பும்போது மகள் போனில் வரைபடத்தை நகர்த்திக்கொண்டு இருந்தவள் "அய்யய்யோ சித்தி" என்றாள். கல்மன் மாவட்டத்திலேயே ஒரு மூலையில் ஒரு சின்ன ஊர். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பர்கள் உண்டாக்கிக் குடியேறினது. 1981-ல்தான் அதைத் தனி ஊராக அங்கீகரித்துப் பதிந்தார்கள். ஊர்ப் பேர் என்ன தெரியுமா? காலனி. அதே வார்த்தைதான், நம்ம ஊரில் பஸ் கண்டக்டர் "காலனி எறங்கு" என்பானே, அதே காலனி. ரெண்டு பேரும் சிரித்தோம், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பொழுது இருந்தது. போவோமா என்றாள். போனோம். ரோடு, மரம், தள்ளித் தள்ளி வீடு, கோயில். ஒரு பெரியவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வண்டி மெதுவாகப் போனதும் கையைத் தூக்கி அசைத்தார். நாங்களும் அசைத்தோம். நிற்கவில்லை. நின்று என்ன சொல்வது, நாங்களும் காலனிதான் என்றா? நின்றிருக்கலாம் என்று இப்போ தோன்றுகிறது.

அன்றைக்கு ராத்திரி அந்த அம்மா திரும்ப வந்தார். லூர்துக் கதையை, "நீங்க" விசயத்தைச் சொல்ல முயன்றேன். இங்கிலீசில் சொல்ல முடியவில்லை. அந்த பாஷையில் எல்லோருக்கும் ஒரே வார்த்தைதான். அப்போ உங்க ஊரில் அவமரியாதையை எதில் வைத்தார்கள் என்று கேட்டேன். பேரில் வைத்தார்கள் என்றார். தாத்தா வயசு ஆளையும் "பையா" என்பார்கள். வெள்ளைக்காரிக்கு மிஸ், மிஸஸ் என்று அடைமொழி, கறுப்பினப் பெண்ணுக்கு வெறும் பேர். அப்புறம் மேரி ஹாமில்டன் கதையைச் சொன்னார். கல்மனுக்குக் கிழக்கே காட்ஸ்டன் என்று ஊர். 1963 ஜூனில் அங்கே நீதிமன்றத்தில், போராட்டத்தில் பிடிபட்ட ஹாமில்டனை அரசு வக்கீல் "மேரி" என்று கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். முறையாகக் கூப்பிட்டால்தான் பதில் சொல்லுவேன் என்று அவர் வாயை மூடிக்கொண்டார். நீதிமன்ற அவமதிப்பு என்று 5 நாள் ஜெயில், 50 டாலர் அபராதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1964-ல் அந்தத் தண்டனை ரத்தானது. "மிஸ் ஹாமில்டன்" என்ற ஒரு வார்த்தைக்காக.

எங்க தெருவில் "நீ" என்பது பாசம். அம்மா என்னை "நீ"தான் சொல்லுவாள், நானும் அவளை "நீ"தான். அந்தப் பாச வார்த்தையையே ஊர்த்தெரு எடுத்து எங்க மேலே கல் மாதிரி போடும். எழுபது வயசு ஆயாவை ஊர்த்தெருவில் அரை டிராயர் போட்ட பையன் "ஏ, இங்க வா" என்பான். அவள் போவாள். வக்கீலுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்ட அந்தப் பெண்ணை ஆயாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஊருக்கு வந்து அம்மாவிடம் போட்டோவெல்லாம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கக்கூஸ் பந்து கதையைச் சொன்னதும் அவளும் சிரித்தாள். பெரிய கெபிப் படம் வந்ததும் விரலை வைத்துக் கல்லைக் கல்லாகத் தடவிப் பார்த்தாள், வேலை தெரிந்தவர்கள் பார்க்கிற மாதிரி.

"இத யாரு கட்டனது?"

சொன்னேன்.

"பேரு எழுதி வெச்சிக்கிறாங்களா?"

"எல்லா எடத்துலயும்."

அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வரும்போது பேரப்பிள்ளையின் கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். "எழுதுடி" என்றாள். "நா இருக்கசொல்லோவே எழுதிடு."

மேற்குக் கோடி வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். கல் பேர்த்தவர்கள் தனி, சுமந்தவர்கள் தனி, தண்ணி ஊற்றினவர்கள் தனி. நடுநடுவே நிறுத்தி, இல்லை, அவன் அப்போ ரங்கூனில் இருந்தான், அடித்துவிடு என்பாள். ரெண்டு ராத்திரி ஆனது. 38 பேர் சேர்ந்தது. ஆயா பேரை எழுதும்போது மட்டும், "அவளுக்கு முன்னால திருமதி போட்டுக்கோ" என்றாள். எல்லோருக்கும் போட்டேன். ஆம்பளைகளுக்குத் திரு.

முப்பத்தொன்பதாவதில் நின்றுவிட்டாள். ஏரிக்கரை ஓரம் குடிசை போட்டிருந்தவளாம். வேறு ஊரிலிருந்து வாழ வந்தவள். வயிற்றுப் பிள்ளையோடு கடைசி நாள் வரைக்கும் கல் சுமந்தவள். புருசன் பேர் ஞாபகம் இருக்கிறது, நாய்க்குட்டி பேர்கூட ஞாபகம் இருக்கிறது.

"அவ பேரு என்னாம்மா?"

அம்மா ரொம்ப நேரம் கூரையைப் பார்த்தாள்.

"தெரிலடி. எல்லாரும் அவள 'ஏ புள்ள'ன்னுதான் கூப்புடுவாங்க. நம்ம தெருவுலயும்."

'திருமதி' என்று எழுதி, பக்கத்தில் அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். அவள் வாழ்க்கைப்பட்டு வந்த ஊர்ப் பக்கம் யாரையாவது தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று அம்மா விசாரித்துக்கொண்டு இருக்கிறாள்.